பல்கலைக்கழக வாசலில் என் கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. நடந்து ஐம்பது வருஷம் இருக்கும். பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர், "பழசையெல்லாம் நினைக்காதீங்கம்மா" என்கிறார். (அவருக்கென்ன, அவரா செங்கல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்?) பழைய அவமானங்களை வெற்றிலை போட்டபடி சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அது முடியாது. நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் கோபமாகத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். வடசென்னையில், ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. எங்கள் தெருவில் என்னைத் தவிர எம்.ஏ. படித்தவர் எவரும் கிடையாது என்பதைத் தெரு மறந்துவிடாமல் நானே பார்த்துக்கொண்டேன். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் புளி விலை ஏன் ஏறியது என்று கேட்பேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே காரணத்தை விளக்கிவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் என்னைக் கண்டாலே அண்ணாச்சி மூட்டைக்குப் பின்னால் குனிய ஆரம்பித்தார். இவ்வளவு படிப்பும் இவ்வளவு வாயும் இருந்து, இரண்டு வருஷமாக வேலை மட்டும் இல்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். (பெயர் வேண்டாம். சொன்னால் மறுபடி மாத்திரை போட வேண்டும்.) அரசாங்க அதிகாரிகளுக்கு மாலை வகுப்பு தொடங்குகிறார்களாம். பாடம், பொதுக் கொள்கைக்கான பொருளாதாரம். அதை நடத்தப் பகுதி நேர விரிவுரையாளர் ஒருவர் தேவை, வாரத்தில் மூன்று மாலை. ரேஷன் விலை, மானியம், வரி என்று அதிகாரிகள் எடுக்கிற முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிற பொருளாதாரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று நினைத்தேன். விண்ணப்பம் போட்டேன், இன்டர்வியூவுக்குக் கடிதமும் வந்தது.

அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான். "பார்ட் டைம்னா இன்னாடி? அர நாளு வாத்தியாரா?"

"சாயங்காலம் மட்டும் போய் பாடம் நடத்தணும்மா."

"பகல்ல இன்னா பண்ணுவே?"

"படிப்பேன்."

"இன்னுமா?" என்றாள் அம்மா.

அப்பா தன் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். "இதான் கடைசி இன்டர்வியூ. கெடச்சா சந்தோசம். கெடைக்கலன்னா எண்ணூர் ரோட்டு கம்பெனில டைப் அடிக்கப் போ. சொல்லி வச்சிக்கிறேன்." நான் தட்டச்சை வெறுத்தேன். அடுத்தவர் எழுதியதை அச்சுப் பிசகாமல் அடித்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்று பயந்தேன். வகுப்பில் நின்று நான் பேச வேண்டும், நாலு பேர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் ஆசை. எல்லாம் அந்த ஒரு நாளில் இருந்தது.

இனி கல் விஷயம். வடசென்னைக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் நின்று படியுங்கள்.

மண்ணெண்ணெய் என்றைக்கு வரும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. வருகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், விடிவதற்கு முன்னால் கடை வாசலில் வரிசை சேர்ந்துவிடும். ஆட்கள் இருக்கமாட்டார்கள், கற்கள் இருக்கும். பாதிச் செங்கல், துருப்பிடித்த டப்பா, கைப்பிடி போன வாளி, கடலோரக் கருங்கல் என்று வீட்டுக்கு ஒன்று. அதை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம், துணி துவைக்கலாம். கடைக்காரர் பூட்டைத் திறக்கும்போது அவரவர் கல்லுக்குப் பின்னால் வந்து நின்றால் போதும். கல் வைத்தால் ஆள் நிற்கிற மாதிரி. குழாயடியிலும் இதே சட்டம். அடுத்தவர் கல்லை நகர்த்தினால் அவ்வளவுதான். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் ஒருநாள் தெரியாமல் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். ஆறு மாதம் அந்த வீட்டுக்கு அடுப்பு பற்ற வைக்க நெருப்புகூட யாரும் கொடுக்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த சட்டம் இது ஒன்றுதான். போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல், ஒழுங்காக நடந்தது.

இன்டர்வியூ பத்து மணிக்கு. நான் ஏழு மணிக்கே அங்கே போய் நின்றேன். (பத்து மணி என்றால் பத்து மணிக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் பார்த்ததில்லை.) கஞ்சி போட்ட நீலப் புடவை, எண்ணெய் வழியப் பின்னிய சடை, கையில் சான்றிதழ் பை. பெரிய தாழ்வாரம், மூடிய கதவு, கதவின் மேல் இன்டர்வியூ நடக்கும் அறை என்று ஒரு சீட்டு. ஈ காக்கை இல்லை. நான்தான் முதல் ஆள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மணி நேரம் சும்மா நிற்பானேன்? அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி அவர் கோயில் இருந்தது. போய்விட்டு வரலாம். ஆனால் இடம்? தோட்டத்தில் பூச்செடிப் பாத்திக்குச் சரிவாகச் செங்கல் பதித்திருந்தார்கள். மூலை உடைந்த ஒன்று தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள் பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்குமா? செங்கல்லில் என் பெயரை எழுதினேன். வெறும் பெயரா எழுதினேன்? 'அமலி, எம்.ஏ.' என்று எழுதினேன். அந்த எம்.ஏ.யை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அங்கே வரப்போகிற அத்தனை பேரும் எம்.ஏ.தான்! கல்லைக் கதவுக்கு நேராக, எழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன். இரண்டடி பின்னால் போய் அழகு பார்த்தேன். கோயிலுக்குப் புறப்பட்டேன்.

அந்தோணியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்பார்கள். தொலையாத வேலையை வாசலில் விட்டுவிட்டு அவரிடம் போய் நின்றவள் நான் ஒருத்திதான். பூசை முடிந்து வெளியே வந்தால் பஸ் இல்லை. வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் பதறவே இல்லை, அதுதான் கொடுமை. கல் இருக்கிறதே என்று ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்தே முக்காலுக்குத் தாழ்வாரத்தில் நுழைந்தேன். பெஞ்சில் ஐந்தாறு ஆண்கள், எல்லோரும் சவரம் செய்த முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இருந்தார்கள். கதவோரம் கல்லைக் காணோம். ஸ்டூலில் காக்கிச் சட்டை போட்ட பியூன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை பழகி வைத்திருந்த நல்ல தமிழில், "ஐயா, இங்கே ஒரு கல் இருந்ததே?" என்றேன்.

"கல்லா? அத எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. நீங்க யாரு?"

"அமலி. நான்தான் முதல்."

"அமலியா? பத்து மணிக்கு மூணு தபா கூப்பிட்டேனே. ஆளு வரலன்னு உள்ள எழுதிட்டாங்க. இப்போ மூணாவது ஆளு உள்ள கீறாரு."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கூப்பிட்டது ஆங்கில எழுத்து வரிசைப்படி போட்ட பட்டியலை வைத்து. அதில் அமலிதான் முதல் பெயர். நான் கல்லே வைக்காமல், சும்மா அந்த பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருந்தால்கூட முதல் ஆளாகக் கூப்பிட்டிருப்பார்கள்.

இது விளங்கிய அந்த நிமிஷம், நான் எம்.ஏ. இல்லை, ஒன்றும் இல்லை. குழாயடிக்குப் போய்விட்டேன்.

"யோவ், இன்னாய்யா நெனச்சிகினு கீற? வச்ச கல்ல எவன்யா எடுக்கச் சொன்னான்? பேரு எழுதிக்கீதுல்ல? கண்ணு தெரியல? ஒரு பொம்பள கல்லு வச்சிட்டு கோயிலுக்குப் போனா, வர்றதுக்குள்ள தூக்கிக் கடாசுவியா? கல்லுல கை வக்கிறவன் வெளங்குவானா?"

தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. பெஞ்சில் இருந்த சட்டைகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்தன. பியூன் மெதுவாக எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன்.

"நீ எந்த ஏரியாம்மா?" என்றார்.

"ராயபுரம். ஏன்?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் காசிமேடும்மா, உங்க பக்கத்து ஏரியாதான். எத்திராஜு. அய்யய்யோ, அது கியூ கல்லா? இந்தத் தாவுல எவன் கல்லு வைக்கப் போறான்னு நெனச்சி, தோட்டக்காரன் வேலன்னு ஓரமா போட்டுட்டேனே. தெரிஞ்சிருந்தா தொடுவனா?" உண்மையாகவே வருத்தப்பட்டார். "இரு, உள்ள சொல்றேன்" என்று கதவைத் திறந்துகொண்டு போனார். அங்கே அந்த ஒரு மனிதருக்குத்தான் மனசாட்சி இருந்தது என்பதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், வழுக்கைத் தலை. வலது பக்கம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டை கட்டியவர். இடது பக்கம் இருந்தவர் கடைசிவரை பிஸ்கட் மட்டும் சாப்பிட்டார். பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில். துறைத் தலைவர் முதல் கேள்வியாக, "செங்கல் கொண்டு வந்தது நீங்கள்தானா?" என்றார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (அந்தச் சிரிப்புக்காக என்னை நான் மன்னிக்கவே இல்லை.)

பிறகு டை கட்டியவர் என்னைக் கரும்பலகைக்கு அனுப்பினார். "மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் வரிசை உண்டாகிறது. அதிகாரிகளுக்குப் பாடம் நடத்துவதுபோல விளக்குங்கள்."

எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. இரண்டு கோடு போட்டேன். தேவை, அளிப்பு, நடுவே கட்டுப்பாட்டு விலை. ஆங்கிலம் தடங்கலில்லாமல் வந்தது. துறைத் தலைவர் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு நிமிஷம் அப்படியே போயிருந்தால் நான் நல்லபடியாக வெளியே வந்திருப்பேன்.

டை கட்டியவர் குறுக்கிட்டார். "சரி, ஆனால் அந்த வரிசையால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, அல்லவா? அதில் நிற்கிறவர்களுடைய நேரத்துக்கு அப்படி என்ன மதிப்பு இருக்கப்போகிறது?"

கையில் இருந்த சாக்பீஸ் உடைந்தது. அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆங்கிலம் போயிற்று, அதன் பின்னாலேயே நல்ல தமிழும் போயிற்று.

"இன்னா நைனா சொல்ற நீ?" என்றேன்.

நைனா. பல்கலைக்கழகத்தில். இன்டர்வியூ குழுவைப் பார்த்து.

"எங்கம்மா நேரத்துக்கு மதிப்பு இல்லன்னு ஒனக்கு எவன் சொன்னான்? நீ எப்பனா கியூல நின்னுக்கிறியா? அவ எதுக்குக் கல்லு வக்கிறா தெரியுமா? அங்க நின்னுகினே இருந்தா ஆறு பேருக்கு யார் சோறாக்குறது? அவ நேரத்துக்கு மதிப்பு கீது, அதான் கல்ல நிக்க வச்சிட்டு வூட்டுக்குப் போறா. மதிப்பு இல்லாதவளா இருந்தா அவளே நிப்பாளே, கல்லு எதுக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பி, நான் போட்ட கோடுகளை அழித்தேன். அந்த இடத்தில் வரிசையாக ஏழெட்டுக் கல் வரைந்தேன். எது யார் வீட்டுக் கல் என்றுகூடச் சொன்னேன். பிஸ்கட்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் அன்று முழுக்க யாராவது உருப்படியாகப் பொருளாதாரம் பேசினார்கள் என்றால் அது அந்த ஒரு நிமிஷம்தான். ஆனால் அது எனக்கே அப்போது தெரியாது. கோபத்தில் கத்தினேன், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் நைனாவை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லியிருப்பேன்.

துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "மிஸ் அமலி, வகுப்பில் கலெக்டர்கள்கூட உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் நைனா என்றுதான் கூப்பிடுவீர்களா?"

"கூப்பிட மாட்டேன் சார்" என்றேன். எங்கேயோ போயிருந்த ஆங்கிலம் அதற்கு மட்டும் திரும்பி வந்தது.

"நன்றி, நீங்கள் போகலாம்."

வெளியே வந்தபோது கதவு தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. எத்திராஜண்ணன் அது மூடாமல் அண்டை கொடுக்க ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தார். மூலை உடைந்த செங்கல், என்னுடையது. "எடுத்தது என் தப்புமா. திரும்ப வச்சிட்டேன். இனிமே ஒருத்தனும் தொட மாட்டான்" என்றார்.

"வேலை போச்சுண்ணே. இனிமே கல்லு எதுக்கு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னை நோட்டீஸ் பலகைக்கு அழைத்துப்போனார். அங்கே மாலை வகுப்பின் டைம்டேபிள் ஒட்டியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறு மணி, பொதுக் கொள்கைக்கான பொருளாதாரம். பக்கத்தில் வாத்தியார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இனிஷியலாக இரண்டு எழுத்து. அந்த எழுத்துக்காரரை எத்திராஜண்ணன் கண்ணால் காட்டினார், பெஞ்சின் கடைசியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரமே ஒட்டிட்டாங்கோ" என்றார் எத்திராஜண்ணன். "டை கட்டிகினு உள்ள ஒருத்தர் கீறாரே, அவுருக்கு மச்சான் மொறை. நீ மனச உட்ராத."

அந்த மச்சானும் கல் வைத்துத்தான் இடம் பிடித்திருந்தார். என்ன, அந்தக் கல் டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருவில் கல்லை நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க வைப்பார்கள். முன்னால் வந்தவளுக்கு முன்னால் இடம், அதில் மாமன் மச்சான் கிடையாது. இவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். (அப்பா கம்பெனியில் சொல்லி வைத்ததும் இந்த ரகம்தானே என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். பதில் இல்லாதபோது எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வரும்.)

ஒரு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது, இடம் காலியானால் அழைக்கப்படும் என்று இருந்தது. அது எல்லோருக்கும் அனுப்புகிற கடிதம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? மொத கல்லு உன்னுதுதான். அங்கயே கீது. கூப்பிடுவாங்க."

"கூப்பிட மாட்டாங்கம்மா. அதெல்லாம் பித்தலாட்டம்."

"கல்லு கீதுல்ல? அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் எண்ணூர் ரோட்டில் டைப் அடிக்கப் போனேன். அம்மா மட்டும் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம், "யுனிவர்சிட்டிலர்ந்து எதுனா வந்துச்சா?" என்று கேட்டாள். டைப் அடித்துக்கொண்டே பி.எட். முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்தப் போன பிறகும் கேட்டாள். வேலைதான் கிடைத்துவிட்டதே என்றால், "அது வேற, இது வேற. இது வச்ச கல்லு" என்பாள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு சான்றிதழ் வாங்க மறுபடி அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். எத்திராஜண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்கள். அதே தாழ்வாரம், அதே பெஞ்ச், வேறு ஏதோ வேலைக்காக வேறு இஸ்திரிச் சட்டைகள். உள்ளே இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். கதவு மூடாமல் அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது மூலை உடைந்த ஒரு செங்கல்.

சாக்பீஸ் எழுத்து எப்போதோ அழிந்திருந்தது. ஆனால் என் கல் எனக்குத் தெரியாதா? ஏழெட்டு வருஷமாக ஊரான் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போவதற்கு என் கல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. குனிந்தேன், எடுத்தேன், பையில் போட்டேன். பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்க வந்த சான்றிதழையும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் கல்லை வைத்தேன். பெரிய வீரச்செயல் செய்துவிட்டு வந்தவளைப்போல நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஏன்டி எடுத்தாந்த?" என்றாள். "இத்தினி வருசம் ஒருத்தனும் தொடாம வச்சிகினு இருந்தாங்களே. இன்னும் ஒரு வாரம் உட்டிருந்தா கூப்ட்டிருப்பாங்களே!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குப் பொறுமை இழந்தாலும் இதுதான் பேச்சு. கேஸ் சிலிண்டர் வரவில்லையா, பாஸ்போர்ட் தாமதமா, "அமலி மாதிரி கல்ல எடுத்துடாத" என்பார்கள். மாப்பிள்ளைகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. நான் எடுத்தால், "ஆரம்பிச்சிட்டாங்க" என்று எழுந்து போய்விடுவார்கள்.

கல்லை அம்மா வீணாக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் அதை எடுத்துக்கொண்டுபோய் மண்ணெண்ணெய்க் கடை வாசலில் வைத்துவிட்டு வந்து, நிதானமாகச் சோறு வடித்து, எனக்குச் சடை பின்னிவிட்டு, எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தாள். வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது.